பழுப்பும் மணியும்: பூப்பு முதல் மூப்பு வரை மரபணுத் தொழிற்பாடு
வாழவந்தி நாட்டுப் பயிர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்பொருளும் எல்லையும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை 14 நாடுகளாகப் பகுக்கப்பட்டது. செம்மேட்டைத் தன்னகத்தே கொண்ட வாழவந்தி நாடு அவற்றுள் ஒன்று. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 மீட்டரை ஒட்டியும் கடந்தும் கிடக்கும் இம்மேட்டு நிலத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, கேழ்வரகு, தினை ஆகியவற்றை வழிவழியாக விதைத்து வந்துள்ளனர். மரவள்ளி, வாழை, அன்னாசி, மிளகு, காப்பி, பலா ஆகியனவும் இதே மண்ணில் விளைகின்றன. சில மாதங்களில் வாழ்வை முடித்துக்கொள்ளும் புல்லும், பேரன் காலத்திலும் காய்க்கும் மரமும் ஒரே வரப்பின் இருபுறமும் நிற்பதால், தாவரங்களின் பூப்பையும் மூப்பையும் ஒப்பிட்டு அறிய இது தகுந்த களமாகிறது.

நாம் எடுத்துக்கொண்ட வினா இது. சாமையில் கதிர் முற்ற முற்ற இலை மஞ்சளாகிறது. இம்மஞ்சள் பயிருக்கு நேர்ந்த கேடா, பயிர் செய்யும் வினையா? இக்கட்டுரை அதை வினை என நிறுவ முயல்கிறது. பூப்பைத் தொடங்கிவைக்கும் மரபணு ஒழுங்கு பூவோடு நின்றுவிடுவதில்லை. இலையின் மூப்பு வழியாகச் சென்று மணியில்தான் முடிகிறது என்பது நம் கருத்து.

சான்றுகளின் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுதல் முறை. மரபணு அளவிலான சோதனைகளுள் பெரும்பாலானவை அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறுசெடியிலும், நெல்லிலும், கோதுமையிலும் நடந்தவை. நெல்லும் கோதுமையும் சாமையின் உறவினங்கள். மூன்றும் புல் குடும்பத்தைச் சேர்ந்தவை. அராபிடாப்சிஸின் முழு மரபணுத்தொகுதி 2000-இலும், நெல்லினது 2005-இலும், தினையினது 2012-இலும், கேழ்வரகினது 2017-இலும் படித்து வெளியிடப்பட்டன. ஆகவே ஓரினத்தில் கண்டதை மற்றோர் இனத்துக்கு உறவு அனுமதிக்கும் அளவுக்கே கொண்டுசெல்வோம்.

2. சொல் வரையறை

2.1 மரபணுத் தொழிற்பாடு. ஒரு தாவரத்தின் வேரிலும் இலையிலும் பூவிதழிலும் உள்ள உயிரணுக்கள் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதியையே தாங்கியுள்ளன. வேர் வேராகவும் இதழ் இதழாகவும் அமைவது, அத்தொகுதியில் எந்தெந்த மரபணு எப்போது எவ்வளவு படிக்கப்படுகிறது என்பதால்தான். ஒரு மரபணு தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அப்படியின் வழியே புரதம் ஆக்கப்படுவதை மரபணுத் தொழிற்பாடு என்கிறோம்.

2.2 படியெடுப்புக் காரணி. பிற மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் அமர்ந்து, அவற்றை விழிக்கவோ உறங்கவோ செய்யும் புரதம் இது. ஒரு காரணி நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஆளக்கூடும்.

2.3 நுண் ஆர்.என்.ஏ. புரதம் ஆகாமல், குறிப்பிட்ட தூது ஆர்.என்.ஏ.வை மட்டும் அடையாளம் கண்டு முடக்கும் மிகக் குறுகிய ஆர்.என்.ஏ. இழை.

2.4 பூப்பு. வளர்நுனியின் ஆக்குத்திசு இலை ஆக்குவதை விட்டுக் கதிரையோ பூவையோ ஆக்கத் தொடங்குவதே பூப்பு. இவ்வரையறைப்படி, பூப்பு நம் கண்ணுக்குப் பூ தெரியுமுன்பே நிகழ்ந்துவிடுகிறது. உழவர் தொண்டைக்கதிர் என்று கண்டு சொல்லும் நாளுக்குப் பல நாள் முன்னரே தாளின் உள்ளே அம்மாற்றம் முடிந்திருக்கும்.

2.5 மூப்பு. உயிருள்ள உறுப்பு தன் உட்பொருளைத் தானே முறையாகப் பிரித்து வேறோர் உறுப்புக்கு அனுப்பிவிட்டுத் தன் வாழ்வை முடித்துக்கொள்ளும் வினை.

இந்தக் கடைசி வரையறைக்குத் தமிழில் முன்பே இடமுண்டு. இலையின் பருவங்களைக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என அடுக்குவது நம் வழக்கு. இவ்வடுக்கில் பழுப்பும் சருகும் வெவ்வேறு படிகள். பழுப்பு உயிருள்ள இலை. சருகு உயிரற்ற எச்சம். மூப்பு என்று நாம் குறிப்பது பழுப்பை மட்டுமே. இது சொல் விளையாட்டன்று என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு. முதிரத் தொடங்கிய இலைத்துண்டில் புதுப் புரதம் ஆக்கப்படுவதை மருந்திட்டுத் தடுத்தால், மஞ்சளாவது விரைவதில்லை, தாமதமாகிறது. தானே அழுகும் பொருளாயின் இப்படி நிகழாது. மேலும், பழுக்கும் இலையணுவில் பசுங்கணிகங்கள் முதலில் கலைக்கப்பட, உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் கடைசிவரை காக்கப்படுகின்றன. கட்டளையிடும் உறுப்பும் ஆற்றல் தரும் உறுப்பும் வேலை முடியும்வரை தேவைப்படுவதே காரணம்.

3. தாவரப் பாகுபாடு

பூப்புக்கும் மூப்புக்கும் உள்ள தொடர்பை வைத்து இந்நாட்டுத் தாவரங்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கலாம்.

3.1 முழு ஒருகாய்ப்பு. ஒரே முறை பூத்து, விதை ஈன்று, செடி முழுவதும் மடிபவை. சாமை, கேழ்வரகு, தினை இவ்வகுப்பு. பல பத்தாண்டுகள் வளர்ந்து ஒருமுறை பூத்து மடியும் மூங்கிலும் இதில் அடங்கும். எனவே ஒருகாய்ப்பு என்பது வாழ்நாளின் நீளத்தைக் குறிப்பதன்று. பூப்பு எத்தனை முறை என்பதையே குறிக்கிறது.

3.2 பகுதி ஒருகாய்ப்பு. குலை ஈன்ற தண்டு மடிய, அடியிலுள்ள கன்று வாழ்பவை. வாழையே இதற்கு இலக்கணம். வாழையடி வாழை என்னும் வாழ்த்து இவ்வுயிரியல் உண்மையின் மேல் நிற்கிறது. வாழையின் கிழங்கில் எல்லா வளர்முனைகளும் ஒருசேரப் பூப்பதில்லை. பூவாத முனை அடுத்த தலைமுறைத் தண்டாகிறது.

3.3 பல்காய்ப்பு. ஆண்டுதோறும் பூத்தும் மடியாதவை. பலா, காப்பி, மிளகு இவ்வகுப்பு. இவற்றில் ஒவ்வோர் இலைக்கும் மூப்பு உண்டு, செடிக்கு இல்லை.

மரவள்ளி தனியே சுட்டத்தக்கது. அதன் தண்டு கவை விடும் இடத்தில் நுனி பூவாக முடிந்து, கீழுள்ள மொட்டுகள் கிளையாக எழுகின்றன. கிழங்கு முற்றியதும் நாம் பிடுங்கிவிடுவதால் அது ஓராண்டுப் பயிர்போல் தோன்றுகிறது. கரணையை மீண்டும் நட்டால் அது தொடர்ந்து வாழும்.

இவ்வகுப்புகளுக்கு இடையிலுள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை 2008-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து ஆய்வாளர்கள் காட்டினர். அராபிடாப்சிஸ் சில வாரங்களில் பூத்து மடியும் செடி. அதில் பூப்பைத் தூண்டும் இரண்டு மரபணுக்களை மட்டும் செயலிழக்கச் செய்தபோது, செடி நெடுநாள் வாழ்ந்து, தண்டில் கட்டையும் வைத்தது. புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் எனத் தொல்காப்பிய மரபியல் பகுத்தது. மரபணு நோக்கில், கட்டை வைக்கும் திறன் அச்சிறுசெடியிலும் உறங்கிக் கிடக்கிறது. பூப்பு மரபணுக்களே அதைத் தலையெடுக்க விடாமல் அடக்கிவைக்கின்றன. பூப்பும் வாழ்நாளும் ஒரே கணக்கின் இரு வரிகள் என்பதற்கு இது முதற்சான்று.

4. பூப்பின் காரணங்கள்

4.1 அகவை. இளஞ்செடியில் 156 எனப் பெயரிடப்பட்ட நுண் ஆர்.என்.ஏ. மிகுந்திருக்கிறது. அது பூப்புக்கு உதவும் காரணிகளின் தூதுப் படிகளை முடக்குகிறது. செடி வளர வளர அதன் அளவு குறைகிறது. 172 என்னும் மற்றொரு நுண் ஆர்.என்.ஏ. கூடுகிறது. 2009-இல் வெளியான ஆய்வுகள் இவ்விரண்டின் ஏற்ற இறக்கத்தைத் தாவரத்தின் வயதுக் கடிகாரமாகத் தெளிவுபடுத்தின. பிறந்த உடனே பூத்துவிடாமல் செடியைக் காப்பது இக்கடிகாரமே.

4.2 பகல் நீளம். பகலின் நீளமே பல தாவரங்களின் பூப்பை முடிவுசெய்கிறது என்று 1920-இல் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் புகையிலையில் சோதித்து வெளியிட்டனர். தினையும் கேழ்வரகும் நெல்லும் பகல் குறுகும்போது விரைந்து பூக்கும் குறும்பகல் இனங்கள்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கொல்லிமலை வடக்கு அகலாங்கு 11 பாகையை ஒட்டியது. இவ்விடத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம். மிகக் குறுகியது ஏறத்தாழ 11 மணி 30 நிமிடம். ஒன்றேகால் மணி நேர வேறுபாட்டைச் செடி உணருமா? நெல்லில் 2010-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு இதற்கு விடை தருகிறது. பகல் நீளம் ஓர் எல்லையைக் கடக்கும்போது, வெறும் 30 நிமிட வேறுபாடு பூப்புத் தூதை ஆக்கும் மரபணுவின் தொழிற்பாட்டைப் பத்து மடங்குக்கு மேல் மாற்றுகிறது. தூண்டும் மரபணு ஒன்றும் தடுக்கும் மரபணு ஒன்றும் எதிரெதிர் நின்று இந்த எல்லையை வகுக்கின்றன. ஆகவே நமக்குப் புலப்படாத பகல் மாற்றம் பயிருக்குப் புலப்படும்.

4.3 நீரும் தட்பமும். குளிர்நாட்டுக் கோதுமை வகைகள் பல, நெடுநாள் குளிர் கண்டாலன்றிப் பூப்பதில்லை; இதைத் தட்பப்பதனம் என்பர். மலைச் சிறுதானியங்களுக்கு இத்தேவை இல்லை. காப்பிக்கோ நீரே குறி. வறட்சியில் உறங்கிய மொட்டு, தோட்டத்தார் பூ மழை என்றழைக்கும் கோடை மழை விழுந்து சில நாட்களில் ஒருசேர மலர்கிறது.

5. பூப்பின் படிநிலைகள்

முதற்படி இலையில் நிகழ்கிறது. பகலை அளப்பது இலை, பூப்பது நுனி. இடையே ஏதோ ஒரு தூது செல்ல வேண்டும் என 1930-களில் சோவியத் நாட்டு அறிஞர் மிகயில் சைலாக்யான் முடிவுசெய்து, அதற்கு ஃபுளோரிஜன் எனப் பெயரும் இட்டார். பொருள் அகப்படாமலேயே அப்பெயர் எழுபதாண்டு வழங்கியது. 2007-இல் ஜெர்மனியில் அராபிடாப்சிஸிலும் ஜப்பானில் நெல்லிலும் அத்தூது ஒரு சிறு புரதம் என்று காட்டப்பட்டது. அராபிடாப்சிஸில் அதற்கு எஃப்.டி. என்றும் நெல்லில் எச்.டி.3ஏ என்றும் பெயர். இதை நாம் பூப்புத்தூது என்போம்.

இரண்டாம்படி பயணம். இலையின் நரம்பில் ஆக்கப்பட்ட பூப்புத்தூது, சர்க்கரை செல்லும் அதே புளோயக் குழாய்வழி நுனியை அடைகிறது.

மூன்றாம்படி சேர்க்கை. பூப்புத்தூது தனித்து மரபணுவைத் தொடுவதில்லை. நுனியணுவில் காத்திருக்கும் இரு புரதங்களோடு சேர்ந்து ஒரு கூட்டாகிறது. நெல்லில் இக்கூட்டின் அமைப்பு 2011-இல் தெளிவாயிற்று.

நான்காம்படி அடையாள மாற்றம். அக்கூட்டு, பூவாக்க மரபணுக்களை விழிக்கச் செய்கிறது. ஆக்குத்திசு இனி இலை ஆக்காது. புல்லில் இம்மாற்றத்துக்குப் பின்னரே கணுவிடை நீண்டு, கண்ணாடி இலை விரிந்து, பொதி கட்டி, கதிர் வெளிவருகிறது.

நான்காம்படியின் விளைவு பூ மட்டுமன்று. ஒருகாய்ப்புப் புல்லில் தாளின் நுனி கதிராக முடிவதால், அத்தாளில் இனிப் புது இலை பிறக்க வழியில்லை. கண்ணாடி இலையே கடைசி இலை. வருவாய் நின்ற குடும்பம் இருப்பைக் கணக்கிடத் தொடங்குவதுபோல, தாள் தன் இலைகளில் உள்ளதை எண்ணத் தொடங்குவது இங்கிருந்துதான்.

6. மூப்பின் காரணங்கள்

6.1 அகவை. இலைக்கும் தனிக் கடிகாரம் உண்டு. நீண்டநாள் பசுமையாக நிற்கும் அராபிடாப்சிஸ் வகையொன்றைக் கொரிய ஆய்வாளர்கள் கண்டு, அவ்வகையில் கெட்டிருந்த மரபணுவுக்கு, நெடுவாழ்வு எனப் பொருள்படும் ஓரேசாரா என்னும் கொரியச் சொல்லால் ஓரே1 எனப் பெயரிட்டனர். மரபணு கெட்டால் இலை நெடுநாள் வாழ்கிறது; நலமாயிருந்தால் இலையை முதிரச் செய்கிறது. இளம் இலையில் 164 என்னும் நுண் ஆர்.என்.ஏ. ஓரே1-ஐ அடக்கிவைக்கிறது. வயது ஏற ஏற அந்த அடக்குமுறை தளர்கிறது, ஓரே1 தலைதூக்குகிறது. 2009-இல் வெளியான இம்முடிவைப் பூப்பின் வயதுக் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தால், இரண்டிடத்தும் ஒரே உத்தி புலனாகும்: காலம் வரும்வரை நுண் ஆர்.என்.ஏ. வினையைக் கட்டிவைக்கிறது, காலம் வந்ததும் கட்டு அவிழ்கிறது.

6.2 மணியின் ஈர்ப்பு. சோயாவில் காயைத் தொடர்ந்து கிள்ளிவிட்டால் செடி மஞ்சளாவது தள்ளிப்போகிறது என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. அராபிடாப்சிஸிலோ, போதிய காய் வைத்ததும் வளர்நுனிகள் அனைத்தும் ஒருசேர ஓய்கின்றன. 2018-இல் வெளியான ஆய்வின்படி, இந்த ஓய்வை நடத்துவது பூவும் கனியும் உருவாவதில் பங்குகொள்ளும் ஒரு காரணியே. பிரிவு 3-இல் கட்டையை அடக்கிய இரு மரபணுக்களுள் ஒன்றும் இதுவே. பூவைத் தொடங்கியதும் நுனியை ஓயவைத்ததும் ஒரே கை.

6.3 இயக்குநீர்ச் சமன். சைட்டோகைனின் இலையின் இளமையைக் காக்கிறது. எத்திலீன், அப்சிசிக் அமிலம், ஜாஸ்மோனிக் அமிலம் மூப்பைத் தூண்டுகின்றன. 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான், அமாசினோ இருவரும் ஒரு நுட்பமான சோதனை செய்தனர். மூப்பின்போது மட்டுமே விழிக்கும் மரபணுவின் தொடக்கப் பகுதியை எடுத்து, சைட்டோகைனின் ஆக்கும் மரபணுவோடு இணைத்துப் புகையிலையில் புகுத்தினர். மூப்புத் தொடங்கினால் இளமை இயக்குநீர் சுரக்கும். சுரந்தால் மூப்பு நிற்கும். அச்செடியின் இலைகள் நெடுநாள் பசுமையாக நின்றன.

6.4 புறத்துன்பம். வறட்சி, நிழல், நைட்ரஜன் பற்றாக்குறை ஆகியவை மேற்சொன்ன அதே மரபணுக்களைக் காலத்துக்கு முன்னரே விழிக்கச் செய்கின்றன. துன்பத்தில் வந்த மஞ்சளும் வயதில் வந்த மஞ்சளும் நிறத்தில் ஒன்று, காலத்தில் வேறு.

7. மூப்பின் படிநிலைகள்

இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அராபிடாப்சிஸின் குறிப்பிட்டதோர் இலையை அதன் வாழ்நாள் நெடுகிலும் 22 வேளைகளில் எடுத்து மரபணுத் தொழிற்பாட்டை அளந்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். 6,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களின் அளவு மாறியது. ஏறியவையும் இறங்கியவையும் ஏறத்தாழச் சமபங்கு. இறங்குவன மட்டுமே இருந்தால் அதைத் தளர்ச்சி எனலாம். இத்தனை மரபணுக்கள் புதிதாக ஏறுவதால் அதை வினை எனல் வேண்டும்.

தொடக்கப்படி. இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். தன்னுண்ணல் எனப்படும், அணு தன் உறுப்புகளைத் தானே செரிக்கும் முறையின் மரபணுக்கள் ஏறத் தொடங்கும். ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் இறங்கும்.

பிரிப்புப்படி. பசுங்கணிகம் கலைக்கப்படுகிறது. இலையின் நைட்ரஜனில் பெரும்பகுதி அங்குள்ள புரதங்களில்தான் உள்ளது. நொதிகள் அவற்றை வெட்டி அமினோ அமிலங்களாக்குகின்றன. குளுட்டமின் முதலிய எளிய வடிவில் நைட்ரஜன் புளோயத்தில் ஏறுகிறது. பச்சையத்தின் கதை வேறு. அதிலுள்ள நைட்ரஜன் திரும்பப் பெறப்படுவதில்லை. புரதத்தோடு பிணைந்த பச்சையத்தைக் கழற்றினால்தான் புரதத்தை வெட்ட இயலும். கழன்ற பச்சையமோ வெயிலில் அணுவுக்கு நஞ்சு. ஆகவே அது நிறமற்ற பொருளாக மாற்றி ஒதுக்கப்படுகிறது. மஞ்சள் நிறம் இவ்வேலையின் நோக்கமன்று. வேலை நடப்பதற்கான அடையாளம்.

இக்கழற்றலில் முதன்மையான மரபணு, மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் பச்சை விதை, மஞ்சள் விதை என வேறுபடுத்திய அதே மரபணு என்பது 2007-இல் தெரியவந்தது. பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தைப் பிடுங்குவது அதன் தொழில் என்பது 2016-இல் உறுதியாயிற்று. தக்காளியில் இதே மரபணு கெட்டால், பழுத்த பின்னும் சதையில் பச்சை தங்குகிறது. இலை பழுத்தது என்கிறோம். பழம் பழுத்தது என்கிறோம். ஒரே வினைச்சொல்லால் தமிழ் இணைத்த இரு நிகழ்ச்சிகளையும் மரபணுவும் இணைத்தே நடத்துகிறது. எத்திலீனும் ஓரே1-இன் குடும்பக் காரணிகளும் இரண்டிலும் பங்குகொள்கின்றன.

முடிவுப்படி. உட்கருவும் சிதைகிறது, அணுச்சவ்வு கிழிகிறது. இதன்பின் நிற்பது சருகு.

இம்மூன்று படிகளையும் வயலில் நின்றே காணலாம். தாளில் அடியிலை முதலில் பழுக்கும். மணிக்கு மிக அருகிலுள்ள கண்ணாடி இலை கடைசியில் பழுக்கும். ஒவ்வோர் இலையிலும் நுனி முதலில் பழுத்து, மஞ்சள் அடிநோக்கி இறங்கும். வெளியேறும் வாயில் அடியில் இருப்பதால் அப்பகுதி கடைசிவரை உயிரோடு நிற்கிறது.

8. காலமும் மணியும்

மூப்பு எப்போது தொடங்க வேண்டும்? இவ்வினாவுக்கு இருதரப்புச் சான்றுகள் உண்டு.

கோதுமையில் மூப்பை விரைவுபடுத்தும் ஒரு காரணியை 2006-இல் ஆய்வாளர் குழுவொன்று பிரித்தறிந்தது. காட்டுக் கோதுமையில் அது நலமாக இயங்குகிறது. இன்றைய பயிர் வகைகளிலோ பெரும்பாலும் செயலிழந்துள்ளது. அக்காரணியின் குடும்ப மரபணுக்களின் தொழிற்பாட்டைக் குறைத்தபோது மூப்பு மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போயிற்று. மணியின் புரதம், துத்தநாகம், இரும்பு ஆகியன 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. இலை பச்சையாகவே நின்றது. அதன் செல்வம் மணிக்கு வந்து சேரவில்லை.

நெல்லில் 2014-இல் வெளியான ஆய்வு மறுபுறத்தைக் காட்டியது. மூப்பை நடத்தும் காரணியொன்றைச் சிறிதளவு அடக்கியபோது, மணி பால் பிடித்து முற்றும் காலம் நீண்டு, விளைச்சல் 6 முதல் 10 விழுக்காடு கூடியது.

இரண்டும் முரண் அல்ல. மணிக்குள் செல்பவை இருவகை: இலை பச்சையாக இருக்கும்வரை ஆக்கப்படும் மாவு ஒன்று; இலை பழுத்தால்தான் விடுபடும் புரதமும் தாதுவும் மற்றொன்று. முந்திப் பழுத்தால் மணி சிறுக்கும். பிந்திப் பழுத்தால் மணி பெருத்தும் சத்துக் குறையக்கூடும். பழுக்காமலே காய்ந்தால் இரண்டும் கெடும். எனவே வினா மூப்பு வேண்டுமா என்பதன்று, எந்நாளில் என்பதே.

9. முடிபு

இந்த எந்நாளில் என்பதற்கான விடை நிலத்துக்கு நிலம் வேறுபடும். கட்டவெட்டிச் சாமை, மல்லியசாமை, பெருஞ்சாமை எனக் கொல்லிமலையில் வழங்கும் நாட்டு வகைகள், விதைப்பு முதல் அறுப்பு வரை எடுத்துக்கொள்ளும் நாளில் ஒத்திருப்பதில்லை. பூப்புத்தூது எழும் நாளும் இலை பழுக்கும் நாளும் வேறு வேறாக அமைந்ததன் புற வடிவமே இவ்வேறுபாடு என்று கொள்வது பொருந்தும். இம்மலையின் மழைக்கும் பகலுக்கும் ஈடுகொடுத்துத் தேர்ந்த கால ஒழுங்கு ஒவ்வொரு வகையின் மரபணுத் தொகுதியிலும் பதிந்துள்ளது. சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவிச் சிறுதானிய நிலம் சுருங்கியபோது, குறைந்தது தானியம் மட்டுமன்று. இந்தக் கால ஒழுங்குகளும்தான். 1988-இல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊரார் துணையோடு இங்கு விதை வங்கிகள் அமைத்ததையும், மலை மக்கள் தொம்பை என்னும் குதிரில் தானியம் காத்ததையும் இவ்வழியில் நோக்குதல் வேண்டும்.

நம் வாதத்தைத் தொகுப்போம். அகவையும் பகலும் சேர்ந்து பூப்புத்தூதை எழுப்புகின்றன. தூது நுனியை மாற்றுகிறது. மாறிய நுனி புது இலைக்கு வழியடைக்கிறது. வழி அடைபட்ட தாள் தன் இலைகளைப் பிரித்து மணிக்கு அனுப்புகிறது. காரணமும் விளைவும் இடையறாத இத்தொடரில் பூப்பு இங்கே முடிந்தது, மூப்பு இங்கே தொடங்கியது என வெட்டிக் காட்ட ஓர் இடமில்லை.

வெட்டிக் காட்ட ஓரிடம் உண்டென்றால், அது பழுப்புக்கும் சருகுக்கும் இடையில்தான். அதுவரை இலை வேலை செய்கிறது. விதைக்கென்று கதிரை விடும் உழவர், கண்ணாடி இலை அடிவரை பழுக்கும் நாள் வரை பொறுத்திருப்பாராயின், அந்த வேலை முடியும்வரை பொறுத்திருக்கிறார் என்பதே அதன் பொருள்.